பதினேழு தப்படி

என் அக்கா பஸ் ஓட்டுகிறாள். பணிமனையில் கிளம்பி, ஆஸ்பத்திரி, சந்தை, பாலம், தீயணைப்பு நிலையம் என்று போய், பெரிய தண்ணீர்த் தொட்டியை ஒரு வட்டம் அடித்துத் திரும்பும் பஸ். ஒரு நாளைக்கு எட்டு நடை. ஏழு வருடமாக அதே வழி. எந்த நிறுத்தத்தில் யார் சில்லறை இல்லாமல் ஏறுவார்கள், எந்தத் திருப்பத்தில் எந்த நாய் குறுக்கே வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் தொட்டியிடம் திரும்பவில்லை. நேராகப் போய்விட்டாள். இரண்டு கிலோமீட்டர் போன பிறகு, காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் எழுந்து முன்னால் வந்து, "ஏம்மா, எங்களை எங்க கூட்டிட்டுப் போறே? எனக்கு வீட்ல அடுப்பு வேலை கெடக்கு" என்று கேட்டார். அப்போதுதான் பிரேக் போட்டாள். பணிமனையில் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'கவனக் குறைவு' என்று எழுதிக் கொடுத்தாள்.

என்னிடம் வேறு மாதிரி சொன்னாள். "கவனமெல்லாம் இருந்துச்சுடி. தொட்டி வர்றதப் பாத்தேன். திருப்பணும்னு தெரியும். கை திரும்பல. ரோடு நேராப் போய்க்கிட்டே இருந்துச்சா, போய்ப் பாத்தா என்னன்னு தோணிச்சு. வருஷத்துல பத்து நாளாவது திரும்பி வராத ரோட்ல ஓட்டணும். இல்லேன்னா ஒருநாள் இந்த வேலையையே விட்டுட்டு வந்துடுவேன் போல இருக்கு."

அவள் அப்படிப்பட்டவள்தான். குழந்தையாக இருந்தபோது அவளைச் சாப்பிட வைக்க அம்மா தட்டோடு தெருவெல்லாம் நடப்பாளாம். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பாள். பள்ளி முடித்ததும் பணிமனையில் பஸ் கழுவும் வேலைக்குப் போனாள். கழுவிய பஸ்ஸை வரிசையில் கொண்டுபோய் நிறுத்த ஓட்டுநர்கள் சோம்பல்பட்டார்கள். இவள் சாவியை வாங்கிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

கல்யாணம் செய்துகொண்டது மட்டும் நேர் எதிரான ஆளை. மாமா மூக்குக்கண்ணாடிக் கடையின் பின் அறையில் உட்கார்ந்து, சட்டத்துக்குள் பொருந்துகிற அளவுக்கு வில்லைகளைத் தேய்க்கிறவர். உட்கார்ந்த இடத்தில் வேர் விடுவார். வெளியூரில் தலையணை மாறினால் இரண்டு நாள் கழுத்து திரும்பாது. நிச்சயம் பேசிய அன்று அம்மா சொன்னாள், "ஜாடிக்கேத்த மூடியான்னு தெரியல. ஆனா மூடி எங்கயும் ஓடிப் போகாது. அது போதும்."

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு நாலு வயது. அவனை நாங்கள் செக்கர் என்று கூப்பிடுகிறோம். பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்கும் செக்கரைப் போல அவன் எல்லாவற்றையும் சரிபார்ப்பான். கதவு சாத்தியாச்சா, குழாய் மூடியாச்சா, சித்தி பல் தேய்ச்சாச்சா. நான்தான் சித்தி. பள்ளி முடித்து ஐந்து மாதமாக, அடுத்து என்ன என்று தெரியாமல், அக்கா வீட்டில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இளையவளுக்கு ஒன்றரை வயது. அவள் உருண்டை. பார்த்தால் ஏன் என்று புரியும்.

பஸ் நேராகப் போன சம்பவத்துக்குப் பத்து மாதம் கழித்து, ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவரிடமிருந்து அக்கா ஒரு பழைய கேரவனை வாங்கிவிட்டாள். வேனின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. எதிரெதிரே இரண்டு படுக்கை, நடுவில் மடக்கு மேசை, ஒற்றை அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. கழிப்பறை கிடையாது. எங்கள் வீட்டு வேனில் அதை இழுத்துக்கொண்டு அவள் தெருவுக்குள் நுழைந்தபோது, எதிர் வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"கேரவனா? எந்தப் படத்துல கதாநாயகி?"

"சம்பளம் தராத படத்துலண்ணே" என்றாள் அக்கா.

மாமா சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். உள்ளே ஏறி, படுக்கையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இவன் பெரியம்மா வீட்லயே தூங்க மாட்டான். மூணு தடவை பாயை நனைப்பான். அவ, ராத்திரி கேக்குற சத்தம் மாறினாலே வீல்னு கத்துவா. இதுக்குள்ள எப்படி?"

"நான் பழக்குறேங்க."

"நீ பழக்குவ. நான் என்ன சொல்றேன்னா, மூணு ராத்திரி போய்ட்டு வருவோம். பிள்ளைங்க தூங்கணும். தூங்கலேன்னா வண்டியைக் குடுத்துடணும். ஓடு பதிக்கிறவர் சாமான் வைக்க ஒரு எடம் தேடிக்கிட்டு இருக்காரு. நேத்தே கேட்டாரு."

ஓடு பதிக்கிறவர் எங்கள் தெருவின் கோடியில் இருக்கிறார். அவர் கேட்டது அக்காவுக்கும் தெரியும். அவள் வண்டியின் பக்கவாட்டைக் கையால் ஒரு தடவை தட்டினாள்.

"சரி. மூணு ராத்திரி."

அன்றிலிருந்து அவள் விடுமுறைக்கு ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். கேரவனை வீட்டின் பின்பக்கம், மதிலுக்கு உள்ளே, பின்கதவைப் பார்த்தபடி நிறுத்தினாள். தேய்ந்த ரப்பர் செருப்புகளை வெட்டி மேசை முனைகளில் ஒட்டினாள். உருண்டை படுக்கும் பக்கத்துக்கு வலை கட்டினாள். விடியற்காலை வெளிச்சம் பிள்ளைகளை எழுப்பிவிடும் என்று ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்தாள். ஒரு பிள்ளையின் ஒரு நாள் உடுப்பு ஒரு தலையணை உறைக்குள். அப்படி எட்டு உறை. "பையைக் கொட்டித் தேடுற வேலையே கெடையாது. உறையை உருவு, மாட்டு, முடிஞ்சுது." செக்கரின் தலையணையைத் துவைக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. வீட்டு வாசனை போய்விடுமாம்.

பிறகு பதினாலு ராத்திரி அந்த வண்டிக்குள்ளேயே பிள்ளைகளோடு அவளும் மாமாவும் படுத்தார்கள். நான் வீட்டுக்குள் என் கட்டிலில். முதல் மூன்று நாள் ஒப்பாரி. நாலாவது நாள் உருண்டை தூங்கினாள். செக்கருக்கு மூத்திரம்தான் பிரச்சினை. விழித்ததும் எங்கே போவது என்று தெரியாமல் பயந்து, பயத்திலேயே நனைத்துவிடுவான். அக்கா அதற்கும் ஒரு வழி செய்தாள். கேரவன் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி அவன் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினாள்.

"இங்க பாரு. கதவைத் தொற. எறங்கு. நேராப் பாரு. அங்க என்ன?"

"வீடு."

"எண்ணிக்கிட்டே நட."

எண்ணினான். பதினேழு தப்படி. பதினெட்டாவதில் பின்கதவு. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் கழிப்பறை. அவன் கால்சட்டையை முழுசாகக் கழற்றி வாசலிலேயே போட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். முடித்துவிட்டு, திரும்ப கேரவனுக்குப் போகாமல் என் கட்டிலில் ஏறி, என் போர்வைக்குள் நுழைந்துகொள்வான். மதில் இருக்கிறது, வாசல் பூட்டியிருக்கிறது, என்ன பயம் என்று இருந்தோம். ஒன்பது விடியல்கள் படுக்கை காய்ந்திருந்தது. பத்தாவது நாள் அக்கா பணிமனையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாளாம். எதற்கு என்று கேட்டவர்களிடம், "பையன் பாஸாயிட்டான்" என்று சொல்லியிருக்கிறாள்.

புறப்படும் நாளுக்கும் அவளிடம் நேர அட்டவணை இருந்தது. உருண்டை மதியம் ஒரு மணிக்குத் தூங்குவாள், அதனால் பன்னிரண்டு ஐம்பதுக்கு வண்டி நகர வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தம். பத்து நிமிடம் செக்கர் ஓட வேண்டும், நான் துரத்த வேண்டும். மாமாவின் மடியில் நறுக்கிய பழ டப்பா. ஊரைத் தாண்டி, ரோடு மரங்களுக்கு நடுவே நீண்டபோது, அக்கா இரண்டு தோள்களையும் ஒரு தடவை உயர்த்தி இறக்கினாள். நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஏழு வருடமாக அவள் ஓட்டுவதைப் பார்க்கிறேன், அப்படி அவள் செய்து பார்த்ததில்லை.

"பாட்டு போடட்டுமாக்கா?"

"வேணாம்டி. ரோட்டுச் சத்தமே நல்லா இருக்கு."

தங்குமிடம் ஒரு ஏரிக்கரை. இருபது கேரவன்கள் நிற்க இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு தண்ணீர்க் குழாய். பொதுக் கழிப்பறைகள் நூறு மீட்டர் தள்ளி. எங்களுக்கு எதிரே ஒரு பெரிய வண்டி, அதன் பக்கவாட்டில் கூடாரம் போலத் துணி இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு அக்கா, ஒரு தங்கை என்று இரண்டு பேரின் குடும்பம், மொத்தம் ஏழு பிள்ளைகள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த ஏழும் ஒரே பந்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

சாயங்காலம் அக்கா செக்கரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். "இங்க தனியாப் போகக் கூடாது. வந்துச்சுன்னா என்னை எழுப்பு. சரியா?" "சரி" என்றான். ஒரு தடவை சொன்னான். பின்கதவுக்கு அவன் ஒன்பது நாள் நடந்திருந்தான். இதை யாரும் அப்போது யோசிக்கவில்லை.

எட்டரை மணிக்குப் பிள்ளைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள். அழுகை இல்லை, முணுமுணுப்பு இல்லை. மாமா வலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து கிருந்து குடுத்தியா?" என்று கேட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கதவின் அருகே தரையில் பாய் போட்டுப் படுத்தேன்.

காலையில் என்னை எழுப்பியது குளிர்தான். கதவு திறந்து கிடந்தது. வெளியே சாம்பல் நிற வெளிச்சம். செக்கரின் படுக்கையில் தலையணை மட்டும்.

முதலில் நான் அலட்டிக்கொள்ளவில்லை. அக்கா கூட்டிப் போயிருப்பாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மாமாவும் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, சின்னப் பையனைப் போல.

"அக்கா. அவன் இல்லை."

அவள் எழுந்த வேகத்தில் மேசை முனை இடுப்பில் இடித்தது. கழிப்பறைக்கு ஓடினாள். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பார்க்காமல் எல்லாக் கதவையும் தள்ளினாள். இல்லை. மாமா நேராக ஏரியைப் பார்த்து நடந்தார். ஓடவில்லை. ஓடினால் அங்கே எதையோ பார்க்க வேண்டி வரும் என்பது போல நடந்தார். நான் உருண்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லாமல், "செக்கர், செக்கர்" என்று கத்திக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே அலைந்தேன். ஒரு வண்டியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "டிக்கெட் இருக்கும்மா, போய்ப் படு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயம் புரிந்ததும் அவரும் செருப்புப் போடாமல் இறங்கி வந்தார்.

அக்கா தங்குமிடத்தின் வாசலுக்குப் போய்விட்டாள். விடியலிலேயே கிளம்பிய ஒரு ஜீப்பை, நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நிறுத்தினாள். காவலாளி, "அவங்க பணம் கட்டிட்டுத்தாம்மா போறாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "பின்கதவைத் தொறங்க" என்றாள் அக்கா. திறந்து காட்டினார்கள். கூடை, நாற்காலி, ஒரு நாய். அவள் நாயைத் தள்ளிவிட்டுக் கூடையைத் தூக்கிப் பார்த்தாள்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். மாமா முழங்காலுக்கு மேல் நனைந்து கரையோரமாக வந்துகொண்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு திடீரென்று திரும்பி எங்கள் வண்டியிடம் வந்தாள். படியில் ஏறி, கதவுக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. படியிலிருந்து இறங்கி, குழந்தை வைப்பதைப் போலக் குட்டிக் குட்டி அடியாக வைத்து நடக்க ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. பத்து. பதினொன்று. நேராக. பதினைந்து. பதினாறு.

பதினேழாவதில் எதிர் வண்டியின் துணிக் கூடாரம். அதன் வாசலில், புல்லின் மேல், செக்கரின் நீலக் கால்சட்டை.

கூடாரத்துக்குள்ளே இடப்பக்கம், மூடி போட்ட பிளாஸ்டிக் கழிப்பறை ஒன்று வைத்திருந்தார்கள், சின்னப் பிள்ளைகளுக்காக. அக்கா கால்சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்றாள். துணியைத் தட்டினாள். மறுபடி கேட்டாள்.

பெரிய கொண்டை போட்ட ஒரு அம்மா கையில் தட்டுகளோடு வந்தார். "வாங்க, நீங்களே வந்து எண்ணுங்க. எங்களுக்கு ஏழு பிள்ளைங்க. தலை எட்டு இருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். எங்க வீட்டுக்காரரு எனக்குத் தூக்கக் கலக்கம்ங்குறாரு."

அகலமான படுக்கையில் ஏழு பிள்ளைகளும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தார்கள். ஓரத்தில், யாரோ ஒரு பெண் குழந்தையின் காலைத் தலையணையாக வைத்துக்கொண்டு, எங்கள் செக்கர். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அக்கா தூக்கியதும் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"சித்தி, உன் கட்டில்ல நெறைய பேர் படுத்திருக்காங்க."

அவன் கதவருகே படுத்திருந்த என்னைத் தாண்டித்தான் போயிருக்கிறான், என்னைத் தேடி.

அடிக்கவில்லை, திட்டவில்லை. அக்கா கொண்டைக்கார அம்மாவிடம் கைகூப்பிவிட்டு வந்தாள். அந்த அம்மா, "நல்லா இருக்கே, நன்றி சொல்றீங்க. நீங்க தேடி வராம இருந்திருந்தா ஒம்போது மணிக்கு உங்க பிள்ளைக்கும் சேத்துப் பல் தேச்சு விட்டிருப்பேன்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

வண்டிக்கு வந்ததும் அக்கா வேலை செய்ய ஆரம்பித்தாள். உறைகளை அடுக்கினாள். கோப்பைகளைக் கொக்கியிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றினாள். மேசையை மடித்தாள். தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிச் சுருட்டினாள். நான் ரொட்டியை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்க போறோம்?" என்றார் மாமா. கால்சட்டை இன்னும் ஈரமாக இருந்தது.

"வீட்டுக்கு. ஓடு பதிக்கிறவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்னு."

மாமா மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். "மூணு ராத்திரின்னு பேசுனோம். ஒண்ணுதான் ஆயிருக்கு."

"பிள்ளையத் தொலைச்சுட்டு நிக்கிறேன். நீங்க எண்ணிக்கை பேசுறீங்க."

"தூங்கணும்னு சொன்னேன். தூங்குனாங்களா இல்லையா?"

"என்னங்க, விளையாடுறீங்களா? தாழ்ப்பாளைக் கீழ இறக்கினது நான். நடக்கச் சொல்லிக் குடுத்தது நான். ஏரி இந்தப் பக்கம் இருந்திருந்தா? பதினேழுல ஏரி இருந்திருந்தா?"

மாமா ஈரக் கால்சட்டையின் ஓரத்தைப் பிழிந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"அதைத்தான் நானும் தண்ணிக்குள்ள நின்னு நெனச்சேன். கை இன்னும் நடுங்குது, பாரு. இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் இன்னைக்கு ஒரு வில்லை கூடத் தேய்க்க முடியாது." கையை நீட்டிக் காட்டினார். "ஆனா ஒண்ணு சொல்றேன். நேத்து நானும் தூங்குனேன். நீயும் தூங்குனே. அதனாலதான் அவன் போனது தெரியல. சின்னவ பொறந்ததுலேர்ந்து நாம நாலு பேரும் ஒரே நேரத்துல தூங்கினது நேத்துதான்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போனா நீ மறுபடியும் தொட்டியத் தாண்டிப் போவே."

அக்கா சுருட்டிய குழாயோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"அவ சொல்லல. அன்னைக்கு அந்த பஸ்ல எங்க கடைக்காரர் மாமனார் இருந்தாரு. காய்கறிப் பையோட." மாமா எழுந்திருக்கவில்லை. "நீயே சொல்லுவேன்னு ஒரு வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் வேனில் ஏறினாள். கொக்கியை ஏற்கெனவே மாட்டியிருந்தாள். எஞ்சினைப் போட்டாள். எங்கள் இடத்திலிருந்து வெளியே வர, கேரவனைப் பின்னால் தள்ளி ஒடிக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு ஆள் நின்று கை காட்ட வேண்டும். "வந்து நில்லுங்க" என்றாள், ஜன்னல் வழியாக.

"நான் கை காட்ட மாட்டேன்."

"நீ போடி பின்னால."

நான் போகவில்லை. யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. உருண்டை என் தோளில் ரொட்டியைத் துப்பினாள். மாமா மெதுவாக எழுந்து, செக்கரின் கையைப் பிடித்துக்கொண்டு, கேரவன் படிக்குப் போனார். வண்டியின் மறுபக்கத்தில்தான் கதவு. நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

"எறங்கு. நேராப் பாரு. என்ன இருக்கு?"

"அவங்க வண்டி."

"அங்க போகலாமா?"

செக்கர் யோசித்தான். "கேட்டுட்டுப் போகலாம்."

"கழிப்பறை எந்தப் பக்கம்?"

கையைக் காட்டினான். தப்பான பக்கம். மாமா அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். இருவரும் நடந்தார்கள். செக்கருக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். இருபது வந்ததும் மறுபடி ஒன்று என்று ஆரம்பித்தான். மாமா ஒவ்வொரு இருபதுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டார். சேற்றில் இறங்கி ஏறினார்கள்.

அக்கா கியரைப் போடவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்க, பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் ஏறி முடியாமல் பஸ்ஸை நகர்த்தும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கழிப்பறை வாசல் வரை போய், அவர்கள் திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகு, சாவியைத் திருப்பி அணைத்தாள்.

இறங்கி வந்து என்னிடம், "ஸ்க்ரூ டிரைவர் எடு" என்றாள்.

எங்களிடம் இருந்தது மாமா சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ டிரைவர்தான், தீக்குச்சி கனம். எதிர் வண்டியில் போய்ப் பெரியது வாங்கி வந்தேன். தாழ்ப்பாளைக் கழற்றி, தன் தலைக்கு மேல் உயரத்தில் அக்கா மாட்டினாள். மாமா அளவு பார்த்தார். ஒரு நூல் கோணல் என்றார். கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார். "கதவுக்கு என்ன பார்வைக் கோளாறா?" என்றாள் அக்கா. ஆனாலும் கழற்றினாள். கொண்டைக்கார அம்மா ஒரு சலங்கையைக் கொண்டு வந்து கொடுத்தார். அவர்கள் ஆட்டுக்குட்டி வளர்த்தபோது கட்டியதாம். அதைக் கதவில் கட்டினோம். அன்று முழுவதும் யார் ஏறினாலும் இறங்கினாலும் ஜல் ஜல் என்றது. மதியத்துக்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

இரண்டாவது ராத்திரி உருண்டைக்குப் பல் முளைக்கும் வலி. விடியும் வரை அவளும் தூங்கவில்லை, எங்களையும் விடவில்லை. ஒப்பந்தப்படி பார்த்தால் அதோடு முடிந்தது. காலையில் அக்கா கண் சிவந்து, மாமாவைப் பார்க்காமல் அடுப்பைப் பற்ற வைத்தாள். மாமா கழுத்தை இரண்டு பக்கமும் ஒடித்துவிட்டு, "பல்லு வீட்லயும்தான் மொளைக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் பிள்ளைகள் ஒன்பது பேரும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, ஓடு பதிக்கிறவரே ஃபோன் செய்தார். அக்கா எழுந்து தண்ணீரின் ஓரமாக நடந்துகொண்டே பேசினாள். ஒரு இடத்தில் நின்று ஃபோன் பேசுவது அவளுக்கு வராது.

"இல்லண்ணே. குடுக்கல... ஆமா, சொன்னாரு. இல்லேங்கல... பிள்ளைங்களா? ஒருத்தன் தொலைஞ்சான், ஒருத்தி தூங்கல." கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் போனாள். "ஆமாண்ணே. அப்படியும்தான் குடுக்கல."

மாமா மணலில் உட்கார்ந்தபடி, தலை தூக்காமல், "வேற எடம் நான் பாத்துத் தர்றேன்னு சொல்லு" என்றார். அவள் காதில் விழவில்லை. அதற்குள் அடுத்த வண்டிகள் நிற்கும் இடத்தையும் தாண்டிப் போயிருந்தாள்.